சாத்துக்குடி மரத்தில் நான் பூசிய செம்மண்

சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் நைனா ஸ்டேஷனிலிருந்து வரும் வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டு, "பொண்ணு நல்லாக் கீறாளாம்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் நீ எனக்கென்று எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது. மாமியாருடைய கல்சட்டியை உடைத்துவிட்டாய், துண்டுகளை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய், நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதில் சொல்ல ஒரு வரி போதும். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொல்லிவிடு. திட்டுவார்கள். ஒரு நாள் முகம் கொடுக்க மாட்டார்கள். அதோடு முடிந்துவிடும். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. மறைத்துவைப்பதில் எனக்கு இருந்த சாமர்த்தியம் உனக்குப் பாதிதான் தெரியும். மறு பாதியைச் சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. எதிரில் நீ இல்லாததால் எழுத வருகிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்த தை மாதத்தில் உனக்கு ஒன்பது வயது. உன்னைப் பெற்றவள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கொல்லையில், குளிக்கிற கல்லுக்கு நாலடி தள்ளி, அவள் வைத்த சாத்துக்குடி மரம் நின்றது. கோடூரில் தாய் வீட்டிலிருந்து அதை ஒட்டுக்கன்றாக மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாளாம். ரேணிகுண்டாவில் வண்டி நின்றபோது கன்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்று பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டாளாம், வண்டி கிளம்ப, உன் நைனா கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாராம். இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். நீ காலையில் எழுந்ததும் நேரே அந்த மரத்துக்குத்தான் போவாய். அங்கேதான் பல் விளக்குவாய், அங்கேதான் தலை துவட்டுவாய். நான் தலை வாரிவிடக் கூப்பிட்டால் வருவாய், உட்காருவாய், முடிந்ததும் எழுந்து போவாய். ஒரு முறைகூட முரண்டு பிடித்ததில்லை. முரண்டு பிடித்திருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும்.

கல்யாணத்தன்று உன் மாமா, அதுதான் உன்னைப் பெற்றவளின் தம்பி வெங்கடசாமி, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு என் எதிரில் வந்து நின்றார். "தங்கச்சி, உம்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா எங்கக்கா பொண்ணு மொகம் வாடிச்சின்னு என் காதுல வுழுந்தா, அன்னிக்கே இட்டுகினு பூடுவேன்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் வேறு பேச்சு. "ரெண்டாந்தாரம் கால் வச்ச எடத்துல பச்சை மரமும் பட்டுப் பூடும்" என்று ஒருத்தி என்னைப் பார்க்காமல் என் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அப்போது இருபது வயதுகூட முடியவில்லை, சரோஜா. உன் மனசுக்குள் வர எனக்கு ஒரு வாசலும் தெரியவில்லை, அந்த மரம் ஒன்றைத் தவிர. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டால் நீ என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

பார்த்துக்கொண்டேன், அளவுக்கு மேலேயே. ஏரி வண்டலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மரத்தின் அடியில் முழங்கால் உயரம் குவித்தேன். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அடிமரத்துக்கே போய் நிற்கும்படி வாய்க்கால் வெட்டினேன். முதல் ஆறேழு மாதம் மரம் கருகருவென்று தழைத்தது. ஒரு நாள் நீ ஒரு பழத்தைப் பறித்து உரித்து, ஒரு சுளையை அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். அந்தச் சுளையை நான் சாயங்காலம் வரை சாப்பிடவில்லை.

அந்த வருஷ ஐப்பசி மழையில்தான் அது ஆரம்பித்தது. குளித்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், அடிமரத்தில் தேன் துளி மாதிரிப் பிசின் கோத்து நின்றது. துடைத்தேன். மறுநாள் இன்னும் இரண்டு இடத்தில் வந்தது. கார்த்திகையில் பட்டை வெடித்து, கையை வைத்தால் ஈரமாக, புளித்த வாடையோடு உரிந்து வந்தது. உடனே உன் நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் இருவரும் வெளியே போகும் வரை காத்திருந்து, செம்மண்ணையும் சாணியையும் குழைத்து, பிசின் வந்த இடம் தெரியாமல் மரத்தைச் சுற்றிப் பூசிவிட்டேன். மழையில் சேறு தெறித்த மாதிரி இருந்தது. காய்ந்து வெடித்தால் மறுபடி பூசுவேன். மண்ணுக்குள்ளே மரம் அழுகிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் எழுந்து, இன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் இலை பழுத்துக் கொட்டத் தொடங்கியது. என் பூச்சுக்கு மேலே, பட்டை உரிந்து வெறும் கட்டை தெரிந்த ஒரு இடத்தை உன் நைனா பார்த்துவிட்டார். "இன்னா இது, பட்டை போயிருக்குது?" என்றார். நான் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. "ஜுலேகா வூட்டு ஆடு கடிச்சிருக்கும். நேத்துகூட உள்ள வந்துச்சி" என்றேன். பக்கத்து வீட்டு ஜுலேகாவை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்போது எங்களுக்குள் அவ்வளவு பழக்கம் இல்லை. அவள் புருஷர் பாய், ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு மெக்கானிக். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை விட்டபடி ஓடுமே, அந்த பஸ். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பிள்ளை, நோஞ்சான். அந்தப் பிள்ளைக்காகத்தான் ஒரு கறவை ஆடு வைத்திருந்தாள். இடிந்த சுவரைத் தாண்டி அது நம் கொல்லைக்கு வருவதும் உண்மைதான். பொய்க்கு அந்தக் கொஞ்ச உண்மை போதுமானதாக இருந்தது.

உன் நைனா சண்டை போடத் தெரியாதவர். சுவர் ஓரம் நின்று, "தங்கச்சி, ஆட்டைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க. அது எங்க வூட்டுல போனவங்க வச்ச மரம்" என்று மட்டும் சொன்னார். ஜுலேகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இனிமே வராதுங்க" என்றாள். மறுநாள் ஆடு இல்லை. கட்டிப் போட்டுத் தீனி வாங்கிக் கொடுக்க முடியாது என்று அரக்கோணத்தில் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். அன்றிலிருந்து ஆடி வரை, நாலு மாதம், காலையில் அந்தப் பிள்ளை பாலுக்கு அழும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். நான் அம்மியில் சத்தமாக அரைப்பேன். இதை எழுத மனசில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும். மரத்துக்கு நான் செய்தது தெரியாமல் செய்தது. அந்தப் பிள்ளைக்குச் செய்தது தெரிந்தே செய்தது.

ஆடிக் கிருத்திகைக்கு உன் மாமா வந்தார். உனக்கு அந்தக் காலை நினைவிருக்கும். தெரு முழுக்கக் காவடி, அரோகராச் சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவதே கேட்கவில்லை. மலைக்குப் போய் வந்ததும் அவர் சாப்பிடக்கூட உட்காராமல் கொல்லைக்குப் போனார். அவர் கோடூரில் சாத்துக்குடித் தோட்டம் வைத்திருப்பவர், மரத்தைப் பார்க்காமல் இருப்பாரா? மேலே அண்ணாந்து இலையைப் பார்த்தார். உட்கார்ந்து அடிமரத்தை விரலால் தட்டினார். இடுப்பிலிருந்து வளைந்த சின்னக் கத்தியை எடுத்து ஒரு சுரண்டு சுரண்டினார். என் பூச்சு ஓடு மாதிரிக் கழன்று விழுந்தது. உள்ளே கறுத்த பட்டையும் கட்டிப் பிசினுமாக இருந்தது.

"யாரு இதுமேல மண்ணு பூசனது?" என்றார்.

உன் நைனா, "மண்ணா? சேறுன்னு நெனைச்சிகினு இருந்தேனே, ஆடுதானே கடிச்சிச்சி" என்றார். மாமா நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்போது நீ வாசற்படியிலிருந்து இறங்கி வந்து, "நான்தான் மாமா. வெளையாட்டுக்குப் பூசனேன்" என்றாய்.

இதுதான் உனக்குத் தெரியாத பாதி. நீ அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, நன்றியும் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. குழந்தை செய்தது என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள், நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், ஆடு கடித்தது கடித்ததாகவே இருக்கும் என்று ஒரு நொடியில் எல்லாக் கணக்கும் போட்டுவிட்டேன். நான் பேசாமல் நின்றது உனக்குக் கொஞ்ச நேரமாகத் தோன்றியிருக்கலாம். ஒரு காவடி நம் வீட்டைத் தாண்டிப் போய், பம்பைச் சத்தம் தெருக்கோடியில் தேயும் வரை நின்றேன். பத்து வயதுப் பெண், தாய் வைத்த மரத்தைத் தானே கெடுத்ததாகச் சொல்லிவிட்டு நடுக்கொல்லையில் நிற்கிறாள். உன் கால் கட்டை விரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அவ இல்ல அண்ணா. நான்தான் பூசனேன். கார்த்திகைலேருந்து பூசிகினு இருக்கேன். ஆடு கடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

உன் நைனா என்னைப் பார்த்த பார்வைக்கு அடித்திருந்தால்கூடத் தேவலாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உன் மாமாதான் பேசினார். "மம்புட்டி எங்க கீது?" என்று கேட்டார். அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு போய் நான் குவித்த வண்டலை எல்லாம் வெட்டி எடுக்கத் தொடங்கினார். மேல் வேர் தெரிகிற வரை எடுத்துவிட்டு, அடிமரத்தில் ஒரு புடைப்பைத் தொட்டு உன் நைனாவுக்குக் காட்டினார். "இதோ பாரு பாவா, ஒட்டுப் போட்ட எடம். இது எப்பவும் மண்ணுக்கு மேல ஒரு சாண் தெரியணும். இது மண்ணுக்குள்ள கீது. அப்பவே ஆழமா நட்டுட்டா எங்கக்கா. ஆசையில நட்டிருக்கா, கேக்காம நட்டிருக்கா. இந்தம்மா அதுமேல இன்னும் மண்ணைக் கொட்டி, தண்ணியையும் நிக்க வச்சிருச்சி. சீனி மரத்துக்கு, அதான் சாத்துக்குடிக்கு, கழுத்துல ஈரம் நின்னா இப்படித்தான் பட்டை அழுகிப் பூடும். எங்க தோட்டத்துலயும் வந்துகினுதான் கீது. இதுல கால் ராசின்னு ஒண்ணும் கெடையாது" என்றார். தண்ணீர்க் கரைப் பேச்சு அவர் காது வரைக்கும் போயிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அழுகிய பட்டையை எல்லாம் செதுக்கி எடுத்தார். பச்சையாக உயிருள்ள பட்டை வரும் வரை கத்தி நிற்கவில்லை. மரத்தைச் சுற்றி முக்கால்வாசி கட்டையாகிவிட்டது, ஒரு பக்கம் நாலு விரல் அகலத்துக்குத்தான் நல்ல பட்டை மிச்சம். "இந்தப் பட்டைதான் இனிமே சோறு போடணும். ரெண்டு கெளையாவது பூடும். மீதி பொழைக்குமா பார்க்கலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கொழைச்சிப் பூசணும்" என்றார். மயில்துத்தம் என்கிற அந்த நீல உப்பு யுத்தத்தில் எங்கே கிடைக்கும்? கடைத்தெருவில் எந்தக் கடையிலும் இல்லை. அம்மையார்குப்பத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர்களிடம் கொஞ்சம் இருக்கலாம் என்றார்கள். அந்தப் பக்கம் தினமும் போய் வருகிறவர் நம் தெருவில் பாய் ஒருவர்தான். எந்த முகத்தோடு கேட்பது?

முதலில் அந்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று நானே போனேன். ஜுலேகா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன், மயில்துத்தம் கிடைக்காதது வரை ஒன்று விடாமல். முறத்தை வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆடு கடிச்சா பல்லுத் தடம் இருக்கும். உங்க மரத்துல இல்ல. சுவத்துமேலேருந்து அன்னிக்கே பார்த்தேன்" என்றாள். "அப்ப ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா யாரு நம்புவாங்க? உம் பேச்சா, எம் பேச்சா?" என்றாள். முறத்தைத் தட்டிவிட்டு, "எம் புள்ளை நாலு மாசமாக் கஞ்சி குடிச்சிகினு கீறான்" என்றாள். திரும்பி வந்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் பாய் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய நீலக் கட்டியை உன் மாமா கையில் கொடுத்தார். "அவதான் வாங்கியாரச் சொன்னா. மரம் இன்னா பாவம் பண்ணுச்சின்னா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மாமா அதை மண்சட்டியில் தனியாகவும், சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, பிறகு கலந்து குழைத்தார். கத்தியை அதில் முக்கி எடுத்துப் பார்த்தார். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தது. "இன்னும் சுண்ணாம்பு போடணும், இல்லன்னா மரத்தைச் சுட்டுடும்" என்று கொஞ்சம் சேர்த்து, கத்தி வெள்ளையாக வரும் வரை பார்த்துவிட்டுத்தான் பூசவிட்டார். பூசியது நீயும் நானும். உன் கை முழங்கை வரை நீலமாக இருந்தது. உன் நைனா வாய்க்காலை அடைத்து, மரத்தைச் சுற்றித் தள்ளி ஒரு வட்டம் வெட்டி, தண்ணீர் அடிமரத்தைத் தொடாமல் அங்கே நிற்கும்படி செய்தார். வேலை முடிந்து கை கழுவும்போதுதான் மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினார். "காலைல அரக்கோணம் போலாம். ஆட்டைக் கூட்டினு வரணும்" என்றார்.

போகும்போது ரயிலில் போனோம், வரும்போது ஆட்டோடு நடந்தோம். நீயும் வருவேன் என்று வந்தாய். ஆடு வழியெல்லாம் வேலியைக் கடித்தது. உன் நைனா கயிற்றோடு முன்னால் போக, நாம் இருவரும் பின்னால் வந்தோம். "நீ எப்பப் பார்த்த?" என்று கேட்டேன். "மொதல் நாளே பார்த்தேன். கதவுக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன்" என்றாய். "அப்ப ஏன் கண்ணு, பழியை உம்மேல போட்டுக்கின?" என்றேன். நீ ஆட்டையே பார்த்துக்கொண்டு, "நீங்கதான் பூசனீங்கன்னு தெரிஞ்சா மாமா என்னை இட்டுகினு பூடுவாரு. அப்புறம் நீங்க தனியா இன்னா பண்ணுவீங்க" என்றாய். அந்தச் சாலையில் நான் உட்கார்ந்துவிட்டேன். கால் வலிக்கிறது என்று உன் நைனாவிடம் சொன்னேன். அதுவும் பொய்தான். நான் சொன்ன கடைசிப் பொய்களில் ஒன்று.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஜுலேகா கயிற்றை வாங்கி, குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்து, "வத்திப் போச்சி" என்றாள். அங்கே கறக்காமல் விட்டுவிட்டார்கள். அடுத்த குட்டி போடும் வரை பால் இல்லை. நம் வீட்டுக்கு வாங்கும் பாலில் பாதியைத் தினமும் சுவர்மேல் வைத்தேன். இரண்டு நாள் அது அப்படியே திரிந்து கிடந்தது. மூன்றாம் நாள் செம்பு காலியாக, கழுவிக் கவிழ்த்து இருந்தது. அவள் என்னோடு பேச மழைக்காலம் முழுசும் ஆயிற்று. இன்றைக்கு அந்தப் பிள்ளை நம் கொல்லையில் கோலி ஆடுகிறான், உன் கல்யாணத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவளுக்குக் கும்பிடு போடத் தோன்றும். மரம் இரண்டு கிளையை இழந்தது, இரண்டு வருஷம் காய்க்கவில்லை. பிறகு அந்த நாலு விரல் பட்டையிலிருந்தே இரண்டு பக்கமும் புதுப் பட்டை சுருட்டிக்கொண்டு வந்து கட்டையை மூடத் தொடங்கியது. இன்னும் முழுசாக மூடவில்லை. காய்க்கிறது.

உன் மாமா ஊருக்குப் போன அன்று, நீ பூப் பறிக்கப் போயிருந்தாய். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "தங்கச்சி, பொண்ணு பொய் சொன்னா. யாருக்கோசரம் சொன்னான்னு பார்த்துகினேன். இனிமே நான் வந்து மொகம் பார்க்கத் தேவையில்ல" என்றார். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எனக்கென்று ஒருத்தர் கொடுத்த பரிசு மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்றவளுக்கும் அன்று மனசுக்குள் நன்றி சொன்னேன். ஆசையில் கேட்காமல் ஆழமாக நட்டவள், என்னைப் போலவே. அவள் இருந்திருந்தால் எங்களுக்குள் ஒத்துப்போயிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்த ஆவணியில் ஒரு நாள் நான் துவைத்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளேயிருந்து "அம்மா" என்று கூப்பிட்டாய். அதுவரை நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பக்கத்தில் வந்து நின்றுதான் பேசுவாய். அதனால் என்னை இல்லை என்று நினைத்தேன். போனவளை நினைத்து அழைக்கிறாய், குறுக்கே போகக்கூடாது என்று குனிந்தபடியே இருந்தேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டாய். துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். மூன்றாம் தடவை வாசலுக்கே வந்து, "எத்தினி வாட்டி கூப்புடறது, காது கேக்கலையா? என் ரிப்பன் எங்க?" என்று கத்தினாய். ஈரக் கையோடு ஓடி வந்து தேடிக் கொடுத்தேன். அந்த முதல் இரண்டு தடவைக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இங்கதான் இருக்கேன், கண்ணு. சொல்லு.

அம்மா